900-லேயே நிற்கும் ரேங்க்: கோத்தகிரித் தம்பிக்கு ஒரு பதில்

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டீ ஃபேக்டரியில் வேலை. இரவில், ஊரை வளர்த்துப் படை திரட்டிச் சண்டையிடும் கணினி ஆட்டமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷனில் ஒற்றைக்கு ஒற்றை ரேங்க் ஆட்டம் ஆடுகிறார். பல மாதங்களாக ரேட்டிங் 850-க்கும் 950-க்கும் நடுவிலேயே கிடக்கிறதாம். "மேட்ச்மேக்கிங் (எதிராளியைக் கோத்துவிடும் முறை) வேண்டுமென்றே என்னை அமுக்கி வைக்கிறதா? நாலு ஜெயித்தால் அடுத்த நாலுக்கும் பலமான ஆளாகக் கொண்டுவந்து விடுகிறது. எந்த சிவிலைசேஷன் (ஆடுவதற்குத் தேர்ந்தெடுக்கும் இனம்) எடுத்தால் ஏறலாம்? இல்லை, மலையில் நெட் இப்படி இருக்கும்வரை ஏறவே முடியாதா?" இதுதான் கேள்வி. கூடவே தான் தோற்ற ஆட்டம் ஒன்றின் பதிவையும் அனுப்பியிருக்கிறார். அதை இரண்டு பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் அமுக்குகிற விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். யாரும் அமுக்கவில்லை.

இந்த ஆட்டத்தின் ரேட்டிங் செஸ்ஸிலிருந்து வந்த ஈலோ கணக்கு. அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர் போட்ட கணக்கை அமெரிக்க செஸ் கூட்டமைப்பு 1960-லும், உலகக் கூட்டமைப்பான ஃபிடே 1970-லும் எடுத்துக்கொண்டன. நான் குன்னூரில் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லித்தருகிறவன். அதனால் இந்தக் கணக்கைப் பெற்றோர்களுக்கு விளக்கி விளக்கி எனக்கு மனப்பாடம். இருவர் ரேட்டிங்கும் சமம் என்றால் ஆளுக்கு 50 சதவீத வாய்ப்பு. உங்களுக்கு 100 புள்ளி கூடுதல் என்றால் 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. சமமான ஆளை வென்றால் 16 புள்ளி அளவில் ஏறும், தோற்றால் அதே அளவு இறங்கும். நாலு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தால் அறுபது புள்ளி ஏறியிருப்பீர்கள். அப்புறம் வருகிறவர் அறுபது புள்ளி பலமான ஆளாகத்தானே இருப்பார்? நீங்கள் சதி என்று நினைப்பது அதுதான்.

இன்னொன்று. உங்கள் திறமை கொஞ்சமும் மாறாமல் வெறுமனே பூவா தலையா போட்டு முடிவு எழுதினால்கூட, இருபது ஆட்டத்தில் எழுபது புள்ளி அளவு மேலேயோ கீழேயோ போய்வருவது சாதாரணம். ஆக 850, 950 என்று நீங்கள் பார்க்கிற ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி வெறும் அலைச்சல். 950 வந்த அன்றைக்கு நீங்கள் தேறிவிடவும் இல்லை, 850 வந்த அன்றைக்கு மங்கிவிடவும் இல்லை. தினமும் அந்த எண்ணைப் பார்ப்பதை நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

சரி, உண்மையிலேயே ஆட்டம் தேறினால் எண் எவ்வளவு சீக்கிரம் பின்னால் வரும்? இதையும் கணக்குப் போட்டே சொல்லலாம். உங்கள் திறமை 1100 அளவுக்கு வந்துவிட்டது, ரேட்டிங் மட்டும் 900-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 900 ஆட்களோடு நூற்றுக்கு 76 ஜெயிப்பீர்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக எட்டுப் புள்ளி ஏறும். மேலே போகப்போக எதிராளியும் பலமாவதால் வேகம் குறையும். இருந்தாலும் ஐம்பது ஆட்டத்துக்குள் 1080 பக்கம் வந்து நிற்கும். நீங்களோ பல மாதமாக ஆடுகிறீர்கள், ஐம்பதையெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று. அப்படியென்றால் 900 என்பது இன்றைய தேதிக்கு உங்களுக்குச் சரியான எண்தான். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் இதே கணக்கின்படி, உங்கள் கை தேறிவிட்டால் எந்த மேட்ச்மேக்கிங்காலும் உங்களைப் பிடித்து வைக்க முடியாது.

இப்போது உங்கள் பதிவுக்கு வருகிறேன்.

அரேபியா என்ற திறந்தவெளி மேப். நீங்கள் எடுத்தது திராவிடர், ரேட்டிங் 897. எதிராளி பிரிட்டன்ஸ், 914. நீங்கள் எழுதியது: "அவன் ஆர்ச்சர் (வில்வீரர்) வந்து மரவெட்டில் மூன்று வில்லேஜரைக் கொன்றான், அங்கேதான் தோற்றேன்." பதிவைப் பார்த்தால் அதற்கு வெகு முன்னாலேயே தோற்றிருக்கிறீர்கள்.

வில்லேஜர் என்பவர் உணவும் மரமும் சேர்க்கும் தொழிலாளி, டவுன் சென்டர் என்ற தலைமைக் கட்டடத்தில் உருவாகிறவர். ஒருவருக்கு 50 உணவு, 25 வினாடி. இது ஆட்டக் கடிகாரத்து வினாடி. ரேங்க் ஆட்டம் 1.7 மடங்கு வேகத்தில் ஓடுவதால் நம் கைக்கடிகாரத்தில் 15 வினாடிக்கும் குறைவு. தொடங்கும்போது மூன்று வில்லேஜர் இருக்கிறார்கள். 21 பேர் ஆக்கி, நடுவில் லூம் (வில்லேஜரைப் பலப்படுத்தும் மேம்பாடு) ஒன்றும் செய்து, ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் காலத்துக்கு அழுத்துவதுதான் உங்கள் திட்டம். நல்ல திட்டம். புதிதாக 18 பேர், ஆளுக்கு 25 வினாடி, அது 450. லூமுக்கு 25. மொத்தம் 475 வினாடி. டவுன் சென்டர் ஒரு நொடிகூடச் சும்மா இருக்காவிட்டால் 7:55-க்கு அழுத்தலாம். நீங்கள் அழுத்தியது 10:25-க்கு. நடுவில் காணாமல் போனது 150 வினாடி.

எங்கே போனது என்று நிறுத்தி நிறுத்திக் குறித்தேன். முதல் இரண்டு நிமிடத்தில் ஸ்கவுட்டை (உளவுக் குதிரைவீரனை) வைத்து ஆடு தேடிக்கொண்டிருக்கிறீர்கள். கையில் உணவு இருந்தும் வரிசையில் வில்லேஜர் இல்லை. அங்கே 12 வினாடி. அடுத்து வீடு. மக்கள்தொகை 15-க்கு 15 என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருக்கிறது, வீடு கட்ட ஒருவரும் போகவில்லை. கடைசியில் மரவெட்டிலிருந்து ஒருவரை இழுத்துக் கட்டுகிறீர்கள், 31 வினாடி. அப்புறம் காட்டுப்பன்றி. பன்றியை இழுத்துவருகிற அந்த ஒரு வில்லேஜர் மேலேயே திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் பத்திரமாக வந்து சேர்ந்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குள் டவுன் சென்டர் 40 வினாடி தூங்கிவிட்டது. கடைசியாக ஆறரை நிமிடத்தில் ஒரு காட்சி: மரம் 340 கையில் கிடக்கிறது, உணவு 18. பெர்ரிப் புதருக்கு மில் வைக்கத் தாமதமாகி, ஆடும் தீர்ந்து, வில்லேஜர் போட உணவே இல்லை. அங்கே இரண்டு தவணையாக 67 வினாடி.

கூட்டிப் பாருங்கள், 150. அதாவது ஆறு வில்லேஜர். உங்கள் எதிராளி மூன்று பேரைக் கொன்றார். ஆறு பேரை நீங்களே பிறக்கவிடவில்லை.

ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறக்குறைய இருபது அளவில் உணவோ மரமோ சேர்ப்பார், நடக்கிற நேரம் போக. ஆறு பேர் என்றால் நிமிடத்துக்கு 120. அந்த இடைவெளியோடு அடுத்த பத்து நிமிடம் ஓடினால் ஆயிரத்துச் சொச்சம். அதில் இரண்டு ஆர்ச்சரி ரேஞ்சும் (ஆர்ச்சர் உருவாகும் கட்டடம்) பத்து ஸ்கிர்மிஷரும் (ஆர்ச்சரை அடக்கும் ஈட்டிவீரர்) வந்துவிடும். "அவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு படை?" என்று சாட்டில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை இதுதான்.

எதிராளி ஒன்றும் மேதை இல்லை. அவரும் 70 வினாடி வீணாக்கி 9:05-க்குத்தான் அழுத்தினார். ஃபியூடல் ஆக 130 வினாடி ஆகும். அவர் 11:15-க்கு வந்தார், நீங்கள் 12:35-க்கு. அந்த 80 வினாடி முந்தியதால் ரேஞ்சை முதலில் கட்டி, நீங்கள் தயாராகும் முன்பே நாலு ஆர்ச்சரோடு உங்கள் மரவெட்டு வாசலுக்கு வந்துவிட்டார். வேறு தந்திரம் எதுவும் அவர் செய்யவில்லை. 900 அளவில் ஜெயிக்கிறவர் குறைவாகத் தூங்குகிறவர், அவ்வளவுதான். போர்த் தந்திரம், கவுன்டர் யூனிட், பின்வாசல் தாக்குதல் எல்லாம் ரேங்கைத் தீர்மானிக்கிற கட்டம் இன்னும் பல நூறு புள்ளி மேலே இருக்கிறது.

ஆகவே நான் சொல்வது ஒரே வேலை. அடுத்த சில வாரங்களுக்கு ஜெயித்தேனா தோற்றேனா என்று பார்க்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் பதிவைத் திறந்து, ஃபியூடல் அழுத்திய நேரத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். 10:25 என்பது 9:30 ஆகட்டும், அப்புறம் 8:45 ஆகட்டும். 8:30-க்குள் வழக்கமாக வந்துவிட்டால் ரேட்டிங் 1000-ஐத் தாண்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம். பதிவைச் சூட்டோடு சூடாகப் பாருங்கள். ஆட்டத்துக்கு அப்டேட் வந்துவிட்டால் பழைய பதிவு ஓடாமல் போகக்கூடும்.

பழகுகிற விதம் பற்றிக் கொஞ்சம். டவுன் சென்டரை மவுஸால் தேடிப் போய் அழுத்துகிறீர்கள். பதிவில் திரை அங்குமிங்கும் ஓடுவதிலேயே தெரிகிறது. ஹெச் அழுத்தினால் டவுன் சென்டர், க்யூ அழுத்தினால் வில்லேஜர். கண் பன்றி மேலேயே இருக்கலாம், இடது கை தன் வேலையைப் பார்க்கும். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஐந்து பேர் ஒரேயடியாக வரிசையில் நிற்பார்கள். ஆனால் 250 உணவு அங்கேயே முடங்கிவிடும் என்பதால் தொடக்கத்தில் வேண்டாம், சண்டை மும்முரத்தில் மட்டும் செய்யுங்கள். முற்றுப்புள்ளி விசை சும்மா நிற்கும் வில்லேஜரைக் காட்டும். வீடு விஷயத்தில் ஒரு எளிய வழி: மேலே காட்டும் இரண்டு எண்களுக்கும் நடுவே வித்தியாசம் இரண்டு ஆனதும் வீடு போட்டுவிடுங்கள். ஒரு வீடு ஐந்து பேருக்குத்தான் என்பதால் தொடக்கத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று கட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஆட்டத்துக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்று பயிற்சிப் பகுதி இருக்கிறது. அதில் தொடக்கப் பொருளாதாரத்துக்குத் தனிப் பாடம் உண்டு, பதக்கமும் தரும். நிறையப் பேர் அதைக் குழந்தை விளையாட்டு என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே தங்கம் வாங்காமல் ரேங்க் ஆட்டத்துக்குப் போவதில் அர்த்தமில்லை என்பேன். கம்ப்யூட்டரோடு ஆடும்போதும் முழு ஆட்டம் வேண்டாம். ஃபியூடல் அழுத்தும்வரை ஆடி, நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மவுஸ் பழக்கத்தை விட்டு விசைகளுக்கு மாறும்போது முதல் சில வாரம் ரேட்டிங் இறங்கும். ஐம்பது அறுபது புள்ளி போகலாம். டீ ஃபேக்டரிக்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கவாத்து வெட்டிய செடி உடனே இலை தராது, அதற்காகக் கவாத்தை யாரும் நிறுத்துவதுமில்லை. அந்த வாரங்களில் பயந்து பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறவர்கள்தான் வருடக்கணக்கில் அதே எண்ணில் நிற்கிறார்கள்.

பதிவில் இன்னொரு இடம். இதை மட்டும் சண்டைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மலைக்காரரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை! பதினாறாவது நிமிடம், உங்கள் ஸ்கிர்மிஷர்கள் அவருடைய ஆர்ச்சர்களைப் பிடிக்கப் போகிறார்கள். சரியான முடிவு. ஆனால் அவர் சின்னக் குன்றின் மேல் நிற்கிறார், நீங்கள் கீழேயிருந்து ஏறுகிறீர்கள். இந்த ஆட்டத்தில் மேட்டிலிருந்து அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், பள்ளத்திலிருந்து அடித்தால் 25 சதவீதம் குறைவு. மேம்பாடு எதுவும் செய்யாத ஸ்கிர்மிஷர் ஆர்ச்சரை அடித்தால் ஒரு அடிக்கு ஐந்து. ஆர்ச்சருக்கு உயிர் 30. சமதரையில் ஆறு ஈட்டியில் விழுந்திருக்க வேண்டியவர், பள்ளத்திலிருந்து எறிந்ததால் எட்டு ஈட்டி தாங்கினார். திராவிடர் ஸ்கிர்மிஷர் மற்றவர்களைவிட 25 சதவீதம் வேகமாக எறியும், அந்தப் பெருமையையும் பள்ளம் விழுங்கிவிட்டது. அந்த இடத்தில் பத்து வினாடி பின்வாங்கி, அவரைக் கீழே இறங்கவிட்டிருந்தால் போதும். ஆர்ச்சர் வைத்திருப்பவர் துரத்தி வராமல் இருக்கமாட்டார்.

இங்கிருந்தே சிவிலைசேஷன் கேள்விக்குப் போய்விடலாம். திராவிடரை ஏன் எடுக்கிறீர்கள் என்று புரிகிறது. 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் பகுதி வந்தபோது நம்மவர்களில் எத்தனை பேர் அதற்காகவே வாங்கினார்கள்! படைவீரன் தமிழில் பதில் சொல்வதைக் கேட்க எனக்கும் பிடிக்கும். காலம் மாறும்போதெல்லாம் 200 மரம் இலவசமாக வருவதும் நல்ல சலுகைதான். ஆனால் தண்ணீர் மேப்பில் பலமான இந்த சிவிலைசேஷனுக்கு அரேபியா மாதிரித் திறந்த நிலத்தில் குதிரைலாயம் பலவீனம். நைட் என்ற கனமான குதிரைவீரன் கிடையாது. ஓடிவந்து வில்லேஜரைக் கொன்றுவிட்டு ஓடுகிறவர்களைத் துரத்த வேகமான கை இல்லை. பழகும் காலத்துக்கு ஃபிராங்க்ஸ் எடுங்கள். மில் மேம்பாடுகள் இலவசம், குதிரைப்படைக்கு உயிர் 20 சதவீதம் கூடுதல், செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பம் இல்லை. முக்கியம் எதை எடுப்பது என்பதைவிட, எடுத்ததை மாற்றாமல் இருப்பது. ஆட்ட வரலாற்றைப் பார்த்தேன், ஆட்டத்துக்கு ஒன்று எடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் தொடக்கக் கணக்கு கொஞ்சம் மாறும்போது கை எப்படிப் பழகும்? ஒரே சிவிலைசேஷன், ஒரே தொடக்கம். மேப் தேர்வில் அரேபியாவைப் பிடித்தது என்று குறித்துவிட்டு, உங்களுக்கு ஆகாததைத் தடைசெய்துவிடுங்கள். திராவிடர் எங்கேயும் ஓடிப்போக மாட்டார்கள். 1100 வந்தபின் திரும்பி வாருங்கள். அதுவரை ஆசைக்கு ராஜேந்திரன் கேம்பைன் (தனியாக ஆடும் கதை ஆட்டம்) இருக்கிறது.

அடுத்து நெட். இதில் நீங்கள் சொல்வதில் பாதி நியாயம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் மாதிரி ஆட்டங்களில் நூற்றுக்கணக்கான படைகளின் இருப்பிடத்தை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போடுகின்றன. நீங்கள் கொடுக்கிற கட்டளை மட்டும்தான் கம்பியில் போகிறது. கட்டளை இரு பக்கமும் ஒரே கணத்தில் நிறைவேற வேண்டும் என்பதால், வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தே நிறைவேற்றுவார்கள். முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை எழுதியவர்கள் இதைப் பற்றி 2001-லேயே விளக்கமாக எழுதினார்கள். கால் வினாடித் தாமதத்தை ஆடுபவர்கள் கவனிப்பதே இல்லையாம். அரை வினாடி ஒரே சீராக இருந்தால்கூட ஆட முடிகிறதாம். ஆனால் 80 மில்லிவினாடிக்கும் 500-க்கும் நடுவே தாவிக்கொண்டே இருந்தால்தான் எரிச்சல் வருகிறது என்கிறார்கள்.

இதை மலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஆட்டத்தின் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 3,000 கிலோமீட்டர் அளவு. கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 30 மில்லிவினாடி. கேபிள் வளைந்து நெளிந்து போவதையும் நடுவில் நிற்கிற இடங்களையும் சேர்த்து இரண்டு மூன்று மடங்கு ஆனாலும், இந்த ஆட்டத்துக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஆக "பிங் (போய்வரும் நேரம்) 90 காட்டுகிறது, அதனால் தோற்கிறேன்" என்பது செல்லாது. உங்கள் பதிவில் டவுன் சென்டர் தூங்கிய 150 வினாடியில் பிங்குக்கு எந்தப் பங்கும் இல்லை.

தாவல் வேறு. அது நிஜமான தொல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையில் டவர் ஒரு சரிவுக்கு அந்தப் பக்கம் இருக்கும், மஞ்சூரோ கீழ்க்கோத்தகிரியோ எங்கே போனாலும் இதே கதை. சிக்னல் இரண்டு கட்டத்துக்கும் நாலு கட்டத்துக்கும் நடுவே ஊசலாடும்போது தாமதமும் கூடவே ஊசலாடும். வீட்டில் ஃபைபர் இழுக்க வழியிருந்தால் இழுத்துவிடுங்கள். ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் போடுங்கள், நடுவில் வைஃபை வேண்டாம். பழைய பங்களா வீடு என்றால் கல்சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் வைஃபை பாதி செத்துவிடும். ஃபைபர் இல்லையென்றால் போனைக் கையில் வைத்துக்கொள்ளாமல், சிக்னல் சீராக இருக்கிற ஜன்னல் ஒன்றைக் கண்டுபிடித்து அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, யுஎஸ்பி ஒயரில் இணையுங்கள். வேகச் சோதனை காட்டுகிற Mbps எண்ணை நம்பாதீர்கள். கட்டளைகளுக்குத் தேவைப்படுவது துளியூண்டு வேகம்தான். கமாண்ட் பிராம்ப்ட்டில் பிங் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மிகக் குறைந்த எண்ணுக்கும் மிக அதிகமானதற்கும் எவ்வளவு இடைவெளி, எத்தனை தடவை பதிலே வரவில்லை என்று பாருங்கள். அதுதான் உங்கள் நெட்டின் யோக்கியதை.

கரண்ட் இன்னொரு தலைவலி. பைக்காரா, குந்தா என்று மின்சாரம் பிறக்கிற மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு மின்வெட்டைப் பற்றி எழுதுவது வேடிக்கைதான். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரௌட்டருக்கு இல்லை. கண் இமைக்கிற நேரம் கரண்ட் போய்வந்தாலும் ரௌட்டர் மறுபடி எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிருக்கும், இணைப்பு அறுந்ததும் தோல்விதான். ரௌட்டருக்கென்றே சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. ஃபைபரை விட்டால், இந்தப் பதில் முழுவதிலும் காசு செலவழிக்கச் சொல்வது இதற்கும் லேன் கேபிளுக்கும் மட்டும்தான். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலம். ஐப்பசி கார்த்திகையில் காற்றோடு மழை பிடித்துக்கொண்டால், எங்காவது ஒரு சில்வர் ஓக் சாய்ந்து கேபிளை இழுத்துக்கொண்டு போகும். அந்தச் சாயங்காலங்களில் ரேங்க் வரிசையில் நிற்காதீர்கள், ஆர்ட் ஆஃப் வார் பயிற்சியைத் திறந்துவிடுங்கள். அதற்கு எதிராளி தேவையில்லை.

மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப்போய் விசைகளைத் தவறவிடுவதும் உண்மை. நாம் ஆட உட்காருவதோ ராத்திரியில்தான். நேராக ரேங்க் ஆட்டத்தில் குதிக்காமல், ஃபியூடல் வரை ஒரு பயிற்சி ஓட்டம் ஓடிவிட்டுப் போனால் கையும் சூடாகும், தலையும் தெளியும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலை வரத்து அதிகமுள்ள நாட்களில் ஷிப்ட் முடித்து வந்து நள்ளிரவு இரண்டு மணிவரை ஆடுகிறேன் என்கிறீர்கள். உங்கள் ஆட்ட வரலாற்றில் நேரம் பதிவாகியிருக்கிறது, நீங்களே பார்க்கலாம்: தோல்விகள் கொத்துக்கொத்தாக வருவது நள்ளிரவுக்குப் பிறகுதான். ஒன்று தோற்றதும் கடுப்பில் அடுத்த நிமிடமே இன்னொன்று, அதுவும் தோற்றதும் இன்னொன்று. தொடர்ந்து இரண்டு தோற்றால் அன்றைக்கு ரேங்க் ஆட்டம் போதும். மூன்றாவதுக்குப் பதிலாகத் தோற்ற ஆட்டத்தின் பதிவை எதிராளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பயந்த இடங்கள்கூட அதில் தெரியும். உங்கள் பதிவிலேயே பதினான்காவது நிமிடத்தில் அவர் வீட்டில் ஒரு படைவீரன்கூட இல்லை. உங்கள் ஸ்கவுட் அந்தப் பக்கம் போயிருந்தால் அவர் படையைத் திருப்பியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

ரேங்க் ஏற்றித் தருகிறேன், காசு கொடு என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை நம்பாதீர்கள். உங்கள் அக்கவுண்ட்டை அடுத்தவர் கையில் கொடுப்பது விதிமீறல், அக்கவுண்ட்டே முடங்கலாம். முடங்காவிட்டாலும், ஐம்பது ஆட்டத்துக்குள் மேலே சொன்ன அதே ஈலோ கணக்கு உங்களைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிடும்.

நண்பர்கள் டோட்டா 2-க்கும் கிளாஷ் ராயலுக்கும் கூப்பிடுகிறார்கள், அங்கே சீக்கிரம் ஏறலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். டோட்டா ஐவர் அணி ஆட்டம். உங்கள் கைத்திறமை ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் எண் உண்மையைக் காட்ட அதிக ஆட்டம் பிடிக்கும். 2023-ல் அவர்கள் கிளிக்கோ முறைக்கு மாறினார்கள். அது உங்கள் ரேட்டிங்கோடு, அந்த ரேட்டிங் எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்துக் கணக்கில் வைக்கிற முறை. ரொம்ப நாள் ஆடாமல் திரும்பி வந்தால் நிச்சயம் குறைந்து, புள்ளி பெரிய அளவில் ஏறி இறங்கும். லிசெஸ் என்ற செஸ் தளத்திலும் ஏறக்குறைய இதே குடும்பத்துக் கணக்குதான், அங்கே தொடக்கம் 1500. ஆகவே லிசெஸ் 1500-ஐயும் இந்த ஆட்டத்து 1000-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. கிளாஷ் ராயலில் கார்டு லெவலும் சேர்ந்துகொள்கிறது. அங்கே கோப்பை எண்ணிக்கை உங்கள் திறமையோடு, போட்ட நேரத்தையும் காசையும் சேர்த்தே சொல்லும். ஸ்டார்கிராஃப்ட் 2 ஒன்றுதான் உங்களுக்கு நெருங்கிய சொந்தம். அங்கேயும் தொடக்கக்காரர்கள் தோற்பது தொழிலாளி போடாமல் தூங்குவதால்தான், இங்கே பழகிய கை அங்கேயும் உதவும். வெண்கல லீக்கில் தொடங்கி, ஒரு பிராந்தியத்துக்கு 200 பேர் மட்டும் இருக்கிற கிராண்ட்மாஸ்டர் வரை போகிற ஏணி அது. இப்போதைக்கு மாற வேண்டாம்.

ஃபிராங்க்ஸ் எடுத்து, விசைகளுக்கு மாறி, பத்துப் பதினைந்து ஆட்டம் ஆனபிறகு, தோற்ற ஆட்டமாக ஒன்றும் ஜெயித்த ஆட்டமாக ஒன்றும் பதிவு அனுப்புங்கள். ஜெயித்ததை மறக்காதீர்கள், அதில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும். ஃபியூடல் அழுத்திய நேரங்களை எழுதிய நோட்டையும் போட்டோ எடுத்து அனுப்பினால் எனக்கு வேலை பாதி மிச்சம். 8:45-க்குக் கீழே வந்திருந்தால், அடுத்து கேஸில் காலத்தில் இரண்டாவது மூன்றாவது டவுன் சென்டரை எப்போது போடுவது என்று பேசலாம்.